ஒரே ஒரு நைட்ரஜன் மருந்தின் பரவலை இவ்வளவு மாற்றுமா?

கேள்வி (மருந்தியல் மாணவி):
எரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகிய இரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் மூலக்கூறுகளை அருகருகே வரைந்து பார்த்தேன். பின்னதன் வளையத்தில் கீட்டோன் தொகுதி நீங்கி, மெத்தில் ஏற்ற நைட்ரஜன் ஒன்று சேர்ந்திருப்பதே முக்கிய வேறுபாடு. ஆயினும் முன்னதை ஒரு நாளில் நான்கு வேளை வரை கொடுக்க வேண்டியிருக்க, பின்னது ஒரு வேளையே போதுமானதாக இருக்கிறது. அதன் பரவல் கன அளவு கிலோவுக்கு ஏறத்தாழ 31 லிட்டர் என்கிறார்கள். ஒரு கிலோ உடல் ஒரு லிட்டர் அளவுதானே இருக்கும்? இந்த எண்ணுக்கு என்ன பொருள்?

மறுமொழி 1:
அது உண்மையான இடத்தின் அளவு அன்று. உடலிலுள்ள மொத்த மருந்தைப் பிளாஸ்மாவில் (இரத்தத்தின் திரவப் பகுதியில்) காணும் செறிவால் வகுத்தால் வரும் ஈவு. மருந்து திசுக்களுக்குள் ஒதுங்க ஒதுங்க, அந்த எண் பெருகும். ஏன் ஒதுங்குகிறது என்பதற்கு நீங்கள் சுட்டிய நைட்ரஜனே விடை. எரித்ரோமைசினில் காரத்தன்மையுள்ள அமீன் (நைட்ரஜன் கொண்ட தொகுதி) ஒன்று, அசித்ரோமைசினில் இரண்டு. மின்னேற்றமில்லாத நிலையில் செல்லின் சவ்வுகளைக் கடக்கும் மூலக்கூறு, பி.எச். 5-ஐ ஒட்டிய, அமிலத்தன்மையுள்ள லைசோசோமுக்குள் (செல்லினுள் உள்ள செரிமானப் பைக்குள்) நுழைந்ததும் இரண்டு புரோட்டான்களைப் பற்றிக்கொண்டு மின்னேற்றம் பெற்று, வந்த வழியே திரும்ப இயலாமல் அங்கேயே சிக்கிவிடுகிறது. பிறகு அது மெல்ல மெல்லக் கசிவதால்தான் அதன் அரை ஆயுள் (மருந்தின் அளவு பாதியாகக் குறையும் நேரம்) ஏறத்தாழ 68 மணி நேரமாக நீள்கிறது; எரித்ரோமைசினுக்கு அது 2 மணி நேர அளவே.

மறுமொழி 2:
மேற்கண்ட விளக்கம் சரியே. ஆனால் அமீன்களை எண்ணினால் மட்டும் போதும் என்று யாரும் கொள்ளக் கூடாது. ஜென்டாமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியில் ஐந்து அமீன்கள் உள்ளன. இருந்தும் அதன் பரவல் கன அளவு கிலோவுக்குச் சுமார் 0.25 லிட்டர்தான். நீரையே நாடும் அம்மூலக்கூறு கொழுப்புச் சவ்வைக் கடக்க முடியாமல், செல்லுக்கு வெளியேயுள்ள நீரிலேயே நின்றுவிடுகிறது. (சிறுநீரகக் குழல்களின் செல்கள் மட்டும் அதை விழுங்கிச் சேர்த்துக்கொள்வதே அதன் நச்சுத்தன்மைக்கு அடிப்படை.) இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோ சவ்வைக் கடக்கக்கூடியது, ஆயினும் அமிலத்தன்மையுள்ள அது ஆல்புமின் என்னும் இரத்தப் புரதத்துடன் 99 விழுக்காடு பிணைந்து இரத்தத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. கொழுப்பில் கரையும் தன்மை, மின்னேற்றம், புரதப் பிணைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், திசுவில் மருந்து மிகுதியாக இருந்தால் கிருமியின் மீதும் அதே அளவு செயல்படும் என்று கொள்ளலாமா?

மறுமொழி 1:
கொள்ள இயலாது. திசுவை அரைத்து அளக்கும்போது லைசோசோமில் சிக்கிய மருந்தும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கட்டற்று உலவும் பகுதியே கிருமியைத் தாக்கும். ஆனால் வெள்ளையணுக்கள் அசித்ரோமைசினை ஏந்திக்கொண்டு தொற்று உள்ள இடத்துக்கே சென்று வெளியிடுவது ஒரு பெரிய நன்மை. இரத்தத்திலேயே கிருமி பரவியிருக்கும் நிலையில், பிளாஸ்மாவில் அதன் செறிவு மிகக் குறைவாக இருப்பதே குறையாகிவிடும்.