வீட்டில் பைக் வேலை பார்ப்பவர்களே, ஸ்பேனர், கிளீனர் விஷயத்தில் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கரூர் ஸ்ப்ளெண்டர்

ஆயில் மாற்ற உட்கார்ந்தேன். 17 ரிங் ஸ்பேனரைப் போட்டதும், ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட் அரைச் சுற்று முரண்டு பிடித்தது. அப்புறம் விரலாலேயே சுற்ற வந்தது, ஆனால் கழன்று விழவில்லை. பிடித்து இழுத்தால், இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் அலுமினிய மரை ஸ்பிரிங் மாதிரி சுருண்டு போல்ட்டோடு வந்துவிட்டது. அந்தச் சுருளை இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. முந்தின சர்வீஸில் யாரோ ஸ்பேனர் முனையில் பைப்பைச் செருகி இறுக்கியிருக்கிறார்கள். லேத் பட்டறையில் ஹெலிகாயில், அதாவது கெட்டுப்போன மரைக்குப் பதிலாகச் செருகும் கம்பிச் சுருள், போட்டுத்தான் சரியானது.

அந்தப் போல்ட்டுக்கு அவ்வளவு பலம் தேவையே இல்லை. ஓர் அடி ஸ்பேனரின் முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு விசை சுமார் 30 நியூட்டன் மீட்டர். சின்ன பைக்குகளின் டிரெயின் போல்ட்டுக்கு அதுவே தாராளம். ஒழுகாமல் இருக்க வேண்டுமென்றால் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், இறுக்கத்தைக் கூட்டாதீர்கள்.

தாம்பரம் 350

எனக்கு நடந்தது வாட்டர் வாஷ் கடையில். வெயிலில் ஓட்டி வந்து நிறுத்திய வண்டி, இன்ஜினில் கை வைக்க முடியாத சூடு. பையன் ஏதோ ஒரு கேனைத் திறந்து இன்ஜினைச் சுற்றியிருக்கும் குளிர்விப்புத் தகடுகளின் மேல் நேராக அடித்தான். சுர்ரென்று ஆவி எழுந்து அங்கேயே காய்ந்தது. கழுவி முடித்தபோது அலுமினியம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. காரம் கூடின கிளீனர் சூடான அலுமினியத்தைத் தின்றுவிடும். அது அழுக்கு இல்லை என்பதால் எத்தனை முறை தேய்த்தாலும் போகாது.

அன்றிலிருந்து வீட்டில்தான். ஆறின இன்ஜின், கொஞ்சம் டீசல், பெயிண்ட் பிரஷ், துடைக்க பனியன் வேஸ்ட். கிளீனர் வாங்கினால் அலுமினியத்துக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், காயும் முன்னே கழுவிவிடுங்கள்.

மேட்டுப்பாளையம் மலைப்பாதை

தாம்பரம் அண்ணா, மற்றதெல்லாம் சரி, டீசலை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். டீசல் போட்ட இன்ஜின் அன்றைக்குப் பளபளக்கும், மறுநாளே அந்த எண்ணெய்ப் பசையில் புழுதி அப்பிக்கொள்ளும். ஒயர் உறைக்கும் ரப்பருக்கும் அது நல்லதில்லை. கெட்டியான பிசுக்கைக் கரைக்க மட்டும் தொடுங்கள், அப்புறம் ஷாம்பூ தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

என் கதை சின்னது. கழுவி எடுத்த வண்டி குன்னூர் ஏற்றத்தில் திக்கித் திணறியது. ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றினால் குழிக்குள் தண்ணீர் தேங்கி நிற்கிறது. என் வண்டியில் அந்தக் குழியிலிருந்து நீர் வடிய ஹெட்டில் ஒரு சின்னத் துளை உண்டு, அது சேற்றில் அடைத்திருந்தது. சைக்கிள் ஸ்போக்கை விட்டுக் குத்தியதும் தண்ணீர் வடிந்தது, வண்டி பழைய இழுப்புக்கு வந்தது. இன்னொன்று, பிளக்கைக் கழற்றும் முன் அந்தக் குழியை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். இல்லையென்றால் மணல் நேராக சிலிண்டருக்குள் போகும்.

நாகர்கோவில் ஆர்எக்ஸ்

பழைய ஜப்பான் டிசைன் வண்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் யமஹா ஆர்எக்ஸ் 100 கார்புரேட்டரின் அடிக்கிண்ண ஸ்க்ரூக்களை எனக்கு முன்னால் தொட்டவர்கள் எல்லாரும் தலையை மழுக்கி வைத்திருந்தார்கள். அவை பார்க்க சாதாரண பிலிப்ஸ் (ஸ்டார்) ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனால் ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவு. தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் அதுதான். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் திருகும்போது மேலே எழும்பி வந்துவிடும். ஒரு நண்பர் ஜேஐஎஸ் முனையைக் கொண்டுவந்து பொருத்தினார். ஆட்டமே இல்லாமல் உட்கார்ந்து, மழுங்கிய ஸ்க்ரூவும் 'டக்'கென்று இளகியதே, அந்தச் சத்தத்துக்கு எவ்வளவும் கொடுக்கலாம். சைடு கவர் ஸ்க்ரூவுக்கு, சுத்தியலால் அடித்தால் திரும்புகிற இம்பாக்ட் டிரைவர் ஒன்று இருந்தால் போதும்.

கார்ப் கிளீனர் அடிக்கும் முன் ரப்பர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சிவி வகை கார்புரேட்டரில் இருக்கும் டயாபிராம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வில் பட்டால் அது ஊதிப் பெருத்து, திரும்ப அதன் இடத்தில் உட்காராது.

திண்டுக்கல் செயின்

ஸ்க்ரூ போனால் வாங்கலாம். எங்கள் தெருவில் ஒரு தம்பி சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முதல் கியரில் இன்ஜினை ஓடவிட்டு, துணியால் செயினைத் துடைத்தான். துணி பின் ஸ்ப்ராக்கெட்டில் சிக்கி விரலையும் சேர்த்து இழுத்தது. ஆட்டோவில் தூக்கிப் போகும்போதும், "அண்ணே, விரல் இருக்கா பாருங்க" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தான். நுனி போய்விட்டது. வீடியோக்களில் இன்னமும் இப்படித்தான் காட்டுகிறார்கள், பார்த்தாலே பதறுகிறது.

இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், சாவி சட்டைப்பையில், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றும்போதும் விரல் ஸ்ப்ராக்கெட் பக்கம் போகக் கூடாது. இணைப்புகளுக்கு நடுவே ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோலும் கம்பி பிரஷும் ஆகவே ஆகாது, ரிங் கெட்டு உள்ளே இருக்கிற கிரீஸ் போய்விடும். மண்ணெண்ணெய் கிடைத்தால் அது, இல்லையென்றால் செயின் கிளீனர். லூப்பை, அதாவது செயின் எண்ணெயை, கீழ்ச் செயினின் உட்பக்கத்தில் அடியுங்கள், சுழலும்போது தானாக வெளியே பரவும். பிரேக் டிஸ்க்கைத் துணியால் மூடிவிட்டு அடியுங்கள். லூப் ஒரு துளி டிஸ்க்கில் பட்டாலும் பிரேக் சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

மேட்டுப்பாளையம் மலைப்பாதை

அந்தத் தம்பி இப்போது எப்படி இருக்கிறார் அண்ணே?

கரூர் அண்ணே, 10 கிலோ கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் கைக்கணக்கை நம்பாதீர்கள். இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிவிடுங்கள். கார் வீலுக்கு விற்கிற பெரியது வேண்டாம், அது சின்ன அளவுகளைச் சரியாகக் காட்டாது. 10 முதல் 60 நியூட்டன் மீட்டர் வரை உள்ளது நம் வண்டிகளுக்குப் பொருந்தும்.

கரூர் ஸ்ப்ளெண்டர்

வாங்கியாயிற்று தம்பி. புது மரையில் அதை வைத்துத்தான் இறுக்கினேன், இதுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

திண்டுக்கல் செயின்

நன்றாக இருக்கிறான் தம்பி. கிளட்ச் பிடிக்கப் பழகிவிட்டான், வேலைக்கும் அதே வண்டியில்தான் போகிறான்.