2500கே ஓவர்க்ளாக் செய்திருக்கிறேன், வேகமான ரேம் போட்டால் பலன் உண்டா? (அவசரம்)

மண்டபம்_ஸ்டுடியோ
எல்லோருக்கும் வணக்கம். என் கணினியின் பிராசஸர் இன்டெல் ஐ5-2500கே, ஓவர்க்ளாக் செய்து (நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டி) 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ரேம் வேகம் 1333. கல்யாண வீடியோ எடிட் செய்யும்போது டைம்லைன் (கிளிப்புகளை அடுக்கி ஓட்டிப் பார்க்கும் பகுதி) திக்கித் திக்கிப் போகிறது. ராம்நாட்டில் ஒருவர் பழைய 2133 ரேம் வைத்திருக்கிறார், நாளைக்குள் பதில் சொல்லச் சொல்கிறார். வாங்கலாமா, வேண்டாமா? முகூர்த்த நேரம், வேலை குவிந்து கிடக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

உச்சிப்புளிக்காரன்
மதர்போர்டு என்ன? ரேம் மொத்தம் எத்தனை ஜிபி, ஒரு ஸ்டிக்கா இரண்டா? கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா? எந்த எடிட்டிங் சாஃப்ட்வேர்? இவ்வளவும் தெரியாமல் சொன்னால் வாய்க்கு வந்ததைச் சொன்ன மாதிரிதான் இருக்கும்.

தொண்டி_டெக்
ரேமை விடுங்கள். எஸ்எஸ்டி போட்டிருக்கிறீர்களா? வீடியோ கோப்புகள் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் திக்கத்தான் செய்யும். என்னிடம் மெதுவாக இருக்கிறது என்று வருகிற கணினிகளில் பாதிக்கு மேல் டிஸ்க்தான் காரணம்.

பழைய_போர்டு
இந்தக் கேள்வி இங்கே வராத மாதம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். உங்கள் 2500கே சேர்ந்த சாண்டி பிரிட்ஜ் பிராசஸர் வரிசை 2011 ஜனவரியில் வந்தது. அதற்கு இன்டெல் அதிகாரபூர்வமாகச் சொன்ன ரேம் வேகம் 1066, 1333 இரண்டுதான். 2500கே-யில் ஓவர்க்ளாக் என்பது பெருக்கியை ஏற்றுவது. அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸிலேயே நிற்கும், 44-ஆல் பெருக்கினால் 4.4 கிகாஹெர்ட்ஸ். அதனால் ரேம் வேகம் தானாக ஏறாது. ஏற்றினாலும் எடிட்டிங்கில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வராது. பணத்தை வீணாக்க வேண்டாம், தம்பி.

கீழக்கரை_வயர்
காக்கா (அண்ணா), பெருக்கி பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அதே காரணத்தால்தான் ஓவர்க்ளாக் செய்தவருக்கு ரேம் கொஞ்சம் அதிகமாக முக்கியமாகிறது. ரேமிலிருந்து ஒரு தகவல் வந்து சேர 60 நானோவினாடி என்று வைத்துக்கொள்வோம். 3.3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசஸர் அதற்குள் ஏறக்குறைய 200 சுற்று சும்மா நிற்கும். 4.4-இல் அது 264 சுற்று. பிராசஸரை வேகமாக்க வேகமாக்க அது காத்துக்கிடக்கும் நேரமும் சுற்றுக் கணக்கில் கூடுகிறது. ஆகவே "1333 போதும்" என்பது ஓவர்க்ளாக் செய்யாத கணினிக்குச் சொன்ன அறிவுரை. எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது.

இன்னொன்று, ஸ்டிக்கரில் இருக்கும் பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. சிஎல் எண்ணையும் (கேட்டதற்குப் பதில் தர ரேம் எடுக்கும் துடிப்புகள்) பார்க்க வேண்டும். 1333 சிஎல்9 ரேம் பதில் தர 13.5 நானோவினாடி (மொத்தக் காத்திருப்பில் இது ஒரு பகுதிதான்). 1600 சிஎல்11 ரேமுக்கு 13.75. அதாவது வேகம் ஏறினாலும் தாமதம் துளிகூடக் குறையவில்லை. 1600-லேயே சிஎல்9 என்றால் 11.25. 2133 சிஎல்11 என்றால் 10.3. அந்த ராம்நாட்டு ஸ்டிக்கில் சிஎல் எவ்வளவு என்று கேளுங்கள்.

பழைய_போர்டு
நானோவினாடி கணக்கெல்லாம் எனக்கும் தெரியும். 7-ஜிப், வின்ரார் மாதிரி கோப்பைச் சுருக்கும் வேலையில் அது தெரியும். கல்யாண வீடியோவை முடித்துக் கோப்பாக்கும் எக்ஸ்போர்ட்டில் தெரியாது. அங்கே பிராசஸரின் கணக்குப் போடும் திறன்தான் பேசும்.

கீழக்கரை_வயர்
எக்ஸ்போர்ட்டில் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். அவர் கேட்டது டைம்லைன். அங்கே ஒரே நேரத்தில் பல கிளிப்புகளைப் பிரித்து ரேமுக்குள் போட்டு எடுக்க வேண்டும். இரண்டும் வேறு வேலை.

மண்டபம்_ஸ்டுடியோ
அண்ணே, ரேம் 4 + 4. கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. எஸ்எஸ்டியும் இருக்கிறது. சிபியு-இசட் (கணினியின் உள்விவரம் காட்டும் மென்பொருள்) போட்டுப் பார்த்தேன். போர்டின் சிப்செட் பி67 என்று இருக்கிறது. ஆனால் மெமரி பக்கத்தில் 665 என்றுதான் காட்டுகிறது! 1333 என்று சொல்லித்தானே கடையில் கொடுத்தார்கள்?

உச்சிப்புளிக்காரன்
பயப்படாதீர்கள். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் போகும். 665-ஐ இரண்டால் பெருக்கினால் 1330. ஆக, கடைக்காரர் கொடுத்தது 1333-தான். பி67 என்பதால் பிராசஸருக்குள்ளே இருக்கும் கிராபிக்ஸ் உங்களுக்குப் பயன்படாது, குயிக் சிங்க்கும் (அந்தக் கிராபிக்ஸை வைத்து வீடியோவை வேகமாக மாற்றும் வசதி) கிடையாது. சரி, அதே பக்கத்தில் மேலே சேனல் (ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே தகவல் போகும் பாதை) என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் சிங்கிளா, டூயலா?

மண்டபம்_ஸ்டுடியோ
சிங்கிள்.

உச்சிப்புளிக்காரன்
இரண்டு ஸ்டிக்கும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் இருக்கிறதா?

கீழக்கரை_வயர்
அப்படித்தான் இருக்க வேண்டும். 2133-ஐ நிறுத்தி வையுங்கள், முதலில் இதைச் சரி செய்யுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் பிராசஸர் பக்கத்திலிருந்து முதல் இரண்டும் ஒரு சேனல், அடுத்த இரண்டும் இன்னொரு சேனல். அடுத்தடுத்துச் செருகினால் இரண்டு ஸ்டிக்கும் ஒரே பாதையில் போகும். ஒரு சேனலில் 1333 என்றால் வினாடிக்கு 10.6 ஜிபி. 2133 வாங்கி இதே இரண்டு ஸ்லாட்டில் போட்டாலும் 17 ஜிபிதான் வரும். இப்போது இருக்கிற 1333-ஐயே சரியான ஸ்லாட்டில் மாற்றிப் போட்டால் 21.3 ஜிபி, அதுவும் காசு செலவில்லாமல். மீன்பிடித் துறைமுகத்தில் நாலு கேட் இருந்தும் ஒன்றை மட்டும் திறந்துவிட்டு வேகமான வண்டி வாங்கலாமா என்று யோசிப்பது போல.

போர்டு கையேட்டில் எந்த இரண்டு ஸ்லாட் என்று போட்டிருக்கும். பொதுவாக 2, 4. ஒரே நிறத்தில் இருக்கும் ஸ்லாட்கள் என்றும் பார்க்கலாம்.

தேவிபட்டினம்_சர்வீஸ்
கழற்றும்போதே தங்க முனைகளை அழிரப்பரால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். நம் கடற்கரையில் உப்புக் காற்று விடாது. ரேம் முனையில் மங்கல் படிந்துதான் பாதிக் கணினிகள் திரை வராமல் நிற்கின்றன.

பழைய_போர்டு
தயவுசெய்து இந்த அழிரப்பர் வைத்தியத்தைச் சொல்லாதீர்கள். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. தேய்த்தால் பூச்சு போய் அடியிலிருக்கும் நிக்கலும் செம்பும் வெளியே வரும். உப்புக் காற்றில் அவை இன்னும் சீக்கிரம் கெடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் வராத துணியில் நனைத்து ஒருமுறை துடைத்தால் போதும்.

தேவிபட்டினம்_சர்வீஸ்
நான் இதைத் தொழிலாகச் செய்கிறவன். அழிரப்பரில் ஓடாத கணினி ஓடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆல்கஹால் எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்காது.

பழைய_போர்டு
ஓடும், மறுக்கவில்லை. அடுத்த வாடைக்காற்றுக்குப் பிறகும் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அது வேறு தலைவலி.

பாம்பன்_பையன்
இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்று சொல்கிறேன். லேசாக ஒரு தடவை ரப்பர், அப்புறம் ஆல்கஹால். வெறும் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். அதைவிட முக்கியம் பிராசஸர் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க். தீவுப் பக்கம் அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி மாதிரி படிகிறது, அதன்மேல் தூசி ஒட்டி அடைத்துக்கொள்கிறது. 4.4-இல் ஓட்டுகிறவர் வெப்பநிலையைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. பிராசஸர் சூட்டில் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டாலும் டைம்லைன் இப்படித்தான் திக்கும். எடிட் செய்யும்போது 4.4 நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள்.

தொண்டி_டெக்
8 ஜிபி போதாது என்பதையும் யாரும் சொல்லவில்லையே. எடிட்டிங்கில் ரேம் நிரம்பினால் டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். அப்போது எந்த ரேம் வேகமும் காப்பாற்றாது. பணம் செலவழிப்பதென்றால் அளவுக்குச் செலவழியுங்கள். இரண்டு 8 ஜிபி, 1600 சிஎல்9.

கீழக்கரை_வயர்
இதற்கு என் ஓட்டும் உண்டு. 16 ஜிபி, 1600 அல்லது 1866, சிஎல் குறைவாக. விலை ஒன்றாக இருந்தால் 2133-உம் தவறில்லை. ஆனால் எல்லா 2500கே-யின் மெமரி கண்ட்ரோலரும் (பிராசஸருக்குள் ரேமை இயக்கும் பகுதி) 2133-ஐத் தாங்கிவிடுவதில்லை. பிராசஸரும் ஓவர்க்ளாக், ரேமும் உச்சத்தில் என்றால் எது கெடுகிறது என்று கண்டுபிடிக்கவே பாடாகிவிடும். மின்னழுத்தம் 1.5 வோல்ட் ரேமாகப் பாருங்கள். பழைய 1.65 வோல்ட் ஸ்டிக்குகள் சாண்டி பிரிட்ஜுக்கு நல்லதில்லை. போட்ட பிறகு இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் வேகத்தை இறக்குங்கள். வாடிக்கையாளர் கல்யாண வீடியோவில் பிழையான பிட் போய்ச் சேரக் கூடாது.

பழைய_போர்டு
இதில் எனக்கும் மறுப்பில்லை. சேர்த்து ஒன்று: இணையத்தில் மலிவாக வரும் 8 ஜிபி டிடிஆர்3 ரேம் சிலவற்றில் ஏஎம்டி பிராசஸருக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அது இன்டெல் போர்டில் வேலை செய்யாது. இந்தப் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் அதில் பணத்தை விட்டிருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மண்டபம்_ஸ்டுடியோ
ஸ்லாட் மாற்றினேன், டூயல் காட்டுகிறது. டைம்லைன் நன்றாகப் போகிறது. எக்ஸ்போர்ட் நேரம் அதே. 2133 வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், 8 + 8 தேடுகிறேன். எல்லா அண்ணன்களுக்கும் நன்றி. மாலையில் கவரேஜ் இருக்கிறது, கிளம்புகிறேன்.

பாம்பன்_பையன்
வெப்பநிலை பார்த்தீர்களா?

ஏர்வாடி_கேமர்
மண்டபம் அண்ணே, அந்த 2133 ரேம் இன்னும் அவரிடம் இருக்கிறதா? என்னுடையது ஏஎம்டி ஏ10-5800கே, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ரேமையே எடுத்துக்கொள்வதால் எனக்கு வேகம் நேராகக் கை கொடுக்கும். சிஎல் எவ்வளவு, வோல்ட் எவ்வளவு என்று கேட்டுச் சொன்னால் நாளை காலையிலேயே ராம்நாடு போய் எடுத்துக்கொள்கிறேன்.