ரூட்டுக்குத் தெரியாத பூட்டு

லினக்ஸில் ஃபைல் உரிமைகளை மாற்றப்போய் மாட்டிக்கொண்ட மூவர் சொல்லும் அனுபவங்கள் இவை. உரிமை எண்ணின் மூன்று இலக்கங்கள் முறையே உரிமையாளர், குழு, மற்றவர் ஆகியோருக்கு; படிக்க 4, எழுத 2, ஓட்ட 1 என்று கூட்டி வருவது ஒவ்வொன்றும்.

நான் பார்த்த ஒரு சர்வரில் எல்லா ஃபைலும் 777-இல் கிடந்தன. யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஓட்டலாம். ஃபைலுக்கு 644 போதும் என்று படித்திருந்ததால், ரூட் என்ற முழு அதிகாரப் பயனராக ஓட்டும் சுடோ போட்டு, உரிமையை மாற்றும் சிஎச்மாட் கட்டளையோடு மைனஸ் கேப்பிட்டல் ஆர் சேர்த்து, மேலிருந்து கீழ்வரை 644 ஆக்கினேன். அடுத்த நிமிடமே தளம் விழுந்தது.

ரூட்டாக நுழைந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் திறக்கிறது. என்னை ஒரு மணி நேரம் சுற்றவிட்டது இதுதான். கடைசியில் சாதாரண யூசராக, ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் மைனஸ் எல் அடித்தேன். ஃபைல் பெயர்கள் மட்டும் வந்தன. அளவு, தேதி, உரிமையாளர் வரவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி. அப்போதுதான் விளங்கியது. டைரக்டரிக்கு, அதாவது ஃபோல்டருக்கு, 'ஆர்' இருந்தால் உள்ளே இருப்பவற்றின் பெயரைப் படிக்கலாம், அவ்வளவே. உள்ளே கால் வைக்க 'எக்ஸ்' வேண்டும், அதாவது அந்த 1. 644-இல் அது யாருக்குமே இல்லை. ரூட்டை மட்டும் இந்தத் தடை தடுக்காது.

தேடும் கட்டளையான ஃபைண்டில் டைப் டி கொடுத்து டைரக்டரிகளை மட்டும் 755 ஆக்கியதும் தளம் எழுந்தது. ஸ்கிரிப்டுகளுக்குத்தான் எக்ஸை ஒவ்வொன்றாகத் தேடித் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. எது ஓடவேண்டிய ஃபைல் என்ற தடயத்தை முந்தைய 777-ஏ அழித்துவிட்டிருந்தது. இப்போதெல்லாம் மொத்தமாக மாற்றும்போது கேப்பிட்டல் எக்ஸ்தான் போடுகிறேன். டைரக்டரிகளுக்கும், ஏற்கெனவே யாருக்காவது எக்ஸ் உள்ள ஃபைல்களுக்கும் மட்டுமே அது எக்ஸ் தரும்.

*

எனக்கு நேர்ந்தது வேறு. குழுவினர் எழுதட்டும் என்று சர்வரில் எனக்கென உள்ள ஹோம் டைரக்டரியையே 775 ஆக்கிவிட்டேன். பிறகு இன்னொரு கணினியிலிருந்து நுழையப் போனால் தொலைவிலிருந்து சர்வருக்குள் விடும் எஸ்எஸ்எச், பாஸ்வேர்டுக்குப் பதிலாக நான் வைத்திருக்கும் சாவி ஃபைலை ஏற்கவில்லை. பாஸ்வேர்டு வழியோ முன்பே அடைத்தது. காரணம் நம் திரையில் வராது. சர்வரின் பதிவேடான லாகில்தான் டைரக்டரி உரிமை சரியில்லை என்று இருந்தது. ஹோமில் பிறர் எழுத முடிந்தால் சாவிப் பட்டியலையே மாற்றி வைத்துவிடலாம் அல்லவா, அது மறுத்தது நியாயம்தான். பழைய கணினியில் ஒரு டெர்மினல் திறந்தே இருந்ததால் 755-க்குத் திருப்ப முடிந்தது. உரிமைகளைத் தொடும்போது அப்படி ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள்.

*

யாரும் எழுத முடியாதபடி 444 போட்ட என் ஃபைலை, உடன் வேலை செய்பவர் தவறுதலாக அழித்துவிட்டார். எழுத முடியாததை அழிக்கவும் முடியாது என்று நம்பியிருந்தேன். அழிப்பது என்பது டைரக்டரியிலிருந்து ஒரு பெயரை எடுப்பது. டைரக்டரியில் எழுதும் உரிமையும் நுழையும் உரிமையும் இருந்தாலே போதும். பொது டைரக்டரியை இப்போது 1770 ஆக வைத்திருக்கிறேன், தற்காலிக ஃபைல்களுக்கான டிஎம்பி டைரக்டரிக்கு 1777 இருப்பதுபோல. முன்னால் உள்ள அந்த 1 இருந்தால், ஃபைலுக்கு உரியவரும் டைரக்டரிக்கு உரியவரும் ரூட்டும் தவிர வேறு யாரும் அதை அழிக்க முடியாது.