வாங்குன பழைய காருக்கு முதல் சர்வீஸ் எப்போ விட்டீங்க?

மதுரைக்காரன்

நானே ஆரம்பிக்கிறேன். நான் பட்ட கூத்தைக் கேட்டா நீங்களும் கூச்சப்படாம சொல்லுவீங்க.

ரெண்டு வருசம் முன்னாடி 2013 மாடல் பெட்ரோல் வண்டி ஒண்ணு எடுத்தேன். மீட்டர்ல 48,000. "சர்வீஸ் போன மாசம்தான் சார் முடிஞ்சுச்சு, பத்தாயிரம் ஓட்டிட்டுப் பாத்துக்கலாம்"னு புரோக்கர் டிப்ஸ்டிக்கை, அதான் ஆயில் அளவு பாக்குற கம்பியை, உருவிக் காட்டுனாரு. ஆயில் தேன் மாதிரி இருந்துச்சு. நானும் நம்பிட்டேன். ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டர் கூட ஓடல, ஒரு நாள் சும்மா உருவிப் பாத்தா கரி. விரல்ல தேச்சா பிசுபிசுன்னு இழுக்குது.

தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டுபோனேன். வண்டியைத் தூக்கி ஆயில் ஃபில்டரைத் தொட்டுப் பாத்தாரு. அதுமேல மண்ணும் எண்ணெயும் சேந்து அடை மாதிரி அப்பியிருக்கு, கைபட்ட தடமே இல்ல. "தம்பி, ஆயிலை மட்டும் மாத்திருக்காய்ங்க. ஃபில்டர் எந்தக் காலத்துதோ. உள்ள இருக்க கசடெல்லாம் புது ஆயில்ல கரைஞ்சு வருது"ன்னாரு.

அதோட விட்டாரா? டிரைவர் கதவைத் திறந்து, தூண் ஓரத்துல பாதி கிழிஞ்சு ஒட்டிக்கிட்டிருந்த ஆயில் ஸ்டிக்கரை நகத்தால சுரண்டுனாரு. பேனா எழுத்து மங்கிப் போயிருந்தாலும் படிக்க முடிஞ்சுச்சு: அடுத்த சர்வீஸ் 91,000. தேதி 2019. என் மீட்டர் அப்போ 49,500 காட்டிக்கிட்டிருக்கு!

மீட்டரைத் திருப்புனா விலையில மட்டும்தான் ஏமாத்துறாங்கன்னு நெனச்சிருந்தேன். சர்வீஸ் கணக்கு மொத்தமும் பொய்யாப் போகும்னு அன்னைக்குத்தான் உறைச்சுச்சு. என் வண்டி டைமிங் பெல்ட் வச்ச இன்ஜின், அதாவது வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட வைக்கிற பல்லு வச்ச பெல்ட். மேனுவல்படி 1 லட்சத்துல மாத்தணும். மீட்டரை நம்பியிருந்தா இன்னும் ஐம்பதாயிரம் இருக்குன்னு நிம்மதியா தூங்கியிருப்பேன். இந்த மாதிரி இன்ஜின்ல ஓடும்போது பெல்ட் அந்துச்சுன்னா வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும், இன்ஜினோட மேல்பாகமான ஹெட்டைக் கழட்டாம தீராது. பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், வாட்டர் பம்ப் மூணையும் ஒரே கூலியில மாத்தியாச்சு, ஒன்பதாயிரம் சொச்சம். கழட்டுன பெல்ட்டைப் பின்பக்கமா மடக்குனா பல்லுக்குப் பல்லு வெடிப்பு. இன்னும் வீட்ல வச்சிருக்கேன்.

கோவை அக்கா

எங்க கதை இதுக்கு நேர் எதிருங்க. மாமனார் வச்சிருந்த வண்டி. 2015-ல வாங்கினது, ஒன்பது வருசத்துல மொத்தமே 19,000 கிலோமீட்டர்தான். கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போனதோட சரி. மீட்டர் சுத்தம், அதுல சந்தேகமே இல்லீங்க. ஓடாத வண்டிக்கு எதுக்கு சர்வீஸ்னு நாங்களும் அப்படியே ஓட்டிட்டிருந்தோம்.

வால்பாறை போயிட்டு ஆழியாறு பக்கம் இறங்கறப்ப, நாற்பது கொண்டை ஊசில பாதிகூடத் தாண்டலீங்க, பிரேக் பெடல் மெத்து மெத்துன்னு உள்ள போகுது. ரெண்டு மூணு தடவை மிதிச்சாத்தான் பிடிக்குது. பின்சீட்ல குழந்தைங்க வேற. ரெண்டாவது கியர்ல போட்டு, இடம் கிடைச்ச பக்கம் ஓரங்கட்டி, முக்கால் மணி நேரம் ஆற விட்டு இறங்கினோம்.

பிரேக் ஆயில் சும்மா இருந்தாலே காத்துல இருக்கற ஈரத்தை இழுக்குமாமா. டாட் 4-ங்கற ரக பிரேக் ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி சூடு வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறினதுக்கு 155 டிகிரிதான் கணக்கு. மலை இறக்கத்துல மிதிச்சுட்டே வந்தா அது கொதிச்சு ஆவியாகி, பெடல் பஞ்சாயிடுது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தியிருக்கோணும். நாங்க ஒன்பது வருசமா தொடவே இல்ல.

டயரும் அதே கதைதானுங்க. ரோட்டைப் பிடிக்கற பட்டன் தேயாம அப்படியே இருந்துச்சு. ஆனா பக்கவாட்டுல 1415-னு நாலு இலக்கம். 2015-ஆம் வருசத்துப் பதினாலாவது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். பாளம் பாளமா வெடிச்சிருந்த டயர்லதான் வால்பாறை ஏறியிருக்கோம்!

நெல்லை ஷெட்

நான் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், அதனால எனக்கு அனுபவம்னா அடுத்தவங்க வண்டிதான். 2023 டிசம்பர் மழைக்கு அப்புறம் இங்க கொஞ்ச நாள் செகண்ட் ஹேண்ட் வண்டி சல்லிசா கிடைச்சுது. ஒரு அண்ணாச்சி அப்படி ஒண்ணை வாங்கிட்டு, "ஆறு மாசம் கழிச்சு சர்வீஸுக்குக் கொண்டாரேன்டே"ன்னாவ. இப்பவே விட்டுட்டுப் போங்க அண்ணாச்சின்னேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தா, உள்ள சுருண்டு கிடந்த பாகத்துல வண்டல் கோடு. கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கினா பால் விட்ட காபி நெறம். தண்ணி கலந்தா அப்படித்தான் வரும். ஆறு மாசம் அப்படியே ஓட்டியிருந்தா பேரிங் பூராவும் போயிருக்கும்.

எங்க ஷெட்ல பழக்கம் இதுதான்: பழைய வண்டி கைக்கு வந்த அன்னைக்குத்தான் அதுக்கு முதல் நாள். இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட், கியர் ஆயில் எல்லாத்தையும் இறக்கிப் பாத்துருவோம். அதுக்கு மேல மேனுவல் சொல்லுத கிலோமீட்டர், மாசம், ரெண்டுல எது முந்துதோ அது. பெரும்பாலான பெட்ரோல் வண்டிக்கு 10,000 இல்லாட்டி ஒரு வருசம்.

சென்னைவாசி

இதெல்லாம் படித்துவிட்டு யாரும் பயந்துபோய் என்னைப் போலச் செய்துவிடாதீர்கள். வாங்கிய மறுநாளே ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநாசினி, அடிப்பாகப் பூச்சு என்று பதினான்காயிரத்துக்கு பில். ஏர் ஃபில்டரை மட்டும் மாற்றவில்லை. அடுத்த முறை திறந்து பார்த்தபோது உள்ளே காய்ந்த வேப்பிலை.

மதுரைக்காரன்

வேப்பிலையைப் படிச்சு சிரிச்சிட்டேன், மன்னிச்சுக்கங்க. அக்கா, உங்க பதிவைப் பாத்துட்டு இப்பத்தான் டார்ச் அடிச்சு என் டயரைப் பாத்தேன். முன்னாடி ரெண்டும் 2021. பின்னாடி ரெண்டுல 2016. ஸ்டெப்னி, வண்டியோட வந்தது போல, 2013. மெக்கானிக் அண்ணனும் நானும் பெல்ட்டையே பாத்துக்கிட்டு இதை விட்டுட்டோம். சனிக்கிழமை டயர் கடைக்குப் போறேன்.