அம்முச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக் குழு: எது முதலில்?

அக்கா (திருப்பூர்), 7:12
பாப்பாவுக்குச் சுதந்திர தினப் பேச்சுப் போட்டி. தலைப்பு "இந்தியர் என்பதே முதலில்". ராத்திரி முழுக்க ஒரே கேள்வி. "அப்போ தமிழ் ரெண்டாவதாம்மா, கொங்கு மூணாவதா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யாராவது சொல்லுங்க.

சித்தி (சென்னிமலை), 7:20
எங்க ஊர்க் குமரனைப் பற்றிப் பேசச் சொல் அம்மணி. 1904இல் இங்கே பிறந்தவர். 1932 ஜனவரியில் உங்க திருப்பூர் ஊர்வலத்தில் அடிபட்டு, கொடியை விடாமல் விழுந்தார். 11ஆம் தேதி உயிர் போனது. வயது 27தான்.

மாமா (பொள்ளாச்சி), 7:31
குமரனைச் சொல்லட்டும். கூடவே எங்க ஊரையும் சொல்லட்டும். 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்றைக்குச் சந்தைக்குப் போன என் மாமனார் விடியற்காலையில்தான் வீடு வந்து சேர்ந்தாராம். தனிநாடு கேட்ட தி.மு.க.வே 1963இல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டாச்சு. மொழியைப் பிடுங்காதே என்றுதான் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள்.

அக்கா, 7:34
சரிங்க மாமா. ரெண்டையும் சொன்னால் மறுபடியும் எது முதலில் என்றுதானே கேட்பாள்?

நான் (கோபி), 8:05
அம்முச்சியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பேசாமல் உள்ளே போய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தார்.
[படம்]
அவங்க அப்பா வாங்கிய விவசாயக் காட்டுக்குக் கிரயப் பத்திரம். மடிப்பெல்லாம் நைந்து, ஓரத்தைக் கறையான் தின்றிருக்கிறது. "சென்னை மாகாணம், கோயமுத்தூர் ஜில்லா, கொள்ளேகால் தாலூகா" என்பது மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

அக்கா, 8:07
கொள்ளேகால் கர்நாடகா இல்லையா?

நான், 8:16
1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம ஜில்லா. மொழிவாரியாகப் பிரித்தபோது மைசூரோடு போனது. அம்முச்சி சொல்லச் சொல்ல அடிக்கிறேன்:
"எனக்கு அப்போ பத்து வயசு கண்ணு. நாங்க எங்கேயும் போகலை. அதே வீடு, அதே கிணறு. மாநிலம்தான் மாறினது. அப்புறம் நான் கோபிக்கு வாக்கப்பட்டு வந்தேன். அண்ணன் அங்கேயே, கொள்ளேகால் பக்கத்து ஹனூரிலேயே இருந்து மைசூர்க்காரன் ஆனான், 1973இல் கர்நாடகக்காரன் ஆனான். நான் 1969 வரைக்கும் மெட்ராஸ் ராஜ்யம், அப்புறம் தமிழ்நாடு. அண்ணனுக்குச் சந்தையில் கன்னடம், வீட்டில் தமிழ். 1991இல் காவிரிக் கலவரம் வந்தபோது அண்ணன் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் ரெண்டு ராத்திரி கட்டில் போட்டுப் படுத்தார். பஸ் ஓடின மறுநாளே முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு அந்தியூர், பர்கூர் வழியாகப் போய்விட்டேன். டிக்கெட் எடுத்தால் போதும். ஒரே நாடாக இருக்கவும்தானே பாஸ்போர்ட் கேட்கலை? அதுக்காக அண்ணன்கிட்ட நான் தமிழை விட்டுட்டா பேசினேன்?"

மாமா, 8:20
அம்மா, வாசலில் கட்டில் போட்டுப் படுத்தவர் கதையை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லையே.

சித்தி, 8:22
பத்திரத்தை லேமினேஷன் பண்ணிவிடாதே. காகித உறையில் வை.

அக்கா, 8:41
பாப்பா எழுத உட்கார்ந்துவிட்டாள். முதல் வரி: "எங்க பூட்டி வீடு மாறாமலே மாநிலம் மாறினவங்க." தலைப்பு அப்படியே இருக்கட்டுமாம், வரிசை நம்பர் மட்டும் போட மாட்டாளாம்.

நான், 8:44
போட்டி முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஹனூருக்குக் கூட வருகிறாளா என்று அம்முச்சி கேட்கிறார்.

மாமா, 8:45
நான் கார் எடுத்து வருகிறேன். பெரிய மாமாவுக்குச் சொல்லிவிடு.