மறு: ஸ்டாக் ஆண்ட்ராய்டுக்குக் கலைச்சொல் - ஒரு சொல் போதாது

அனைவருக்கும் வணக்கம்.

புதுச்சேரிக் குழுவின் போன் கையேட்டுக்காக 'ஸ்டாக் ஆண்ட்ராய்டு' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த உரையாடலில் காரைக்கால் நண்பர் முன்வைத்த 'தூய ஆண்ட்ராய்டு', அதற்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும் படித்தேன். 'தூய' எனக்கு ஒப்பவில்லை. அதற்குக் காரணம் சொல்வதற்கு முன்னால் ஒன்று: ஆங்கிலத்தில் ஸ்டாக் என்று இரண்டு வேறு சமாசாரங்களைச் சொல்கிறார்கள், நாம் இரண்டுக்கும் சேர்த்து ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கடலூர் லாரன்ஸ் ரோடு பக்கம் போன் பழுதுபார்க்கும் கடைகளில் 'ஸ்டாக் ரோம்' என்றால் போனோடு கம்பெனி கொடுத்த மென்பொருள். இணையத்தில் போன் விமர்சனம் செய்கிறவர்களுக்கு 'ஸ்டாக் ஆண்ட்ராய்டு' என்றால் கம்பெனி கை வைக்காத மென்பொருள். நேர் எதிர். அங்கே ஒரு கடையில் நான் நின்றிருந்தபோது தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவர் லோகோவிலேயே நின்றுபோன போனைக் கொண்டுவந்தார். "ஸ்டாக் ரோம் ஏத்திடட்டுமாண்ணே, உள்ள இருக்கிற போட்டோ எல்லாம் போயிடும்" என்று கடைத் தம்பி கேட்க, இவர் "ஸ்டாக் போட்டா விளம்பரம் வராதுன்னு பையன் சொன்னான், போடு தம்பி" என்றார். கேபிளை மாட்டி, கணினித் திரையில் கோடு கடைசிவரை ஓடி, போன் உயிர்பெற்று வைஃபை கொடுத்ததும் பழைய விளையாட்டுகள், பழைய ஷாப்பிங் செயலிகள், பூட்டுத்திரையில் பழையபடி விளம்பரப் படம். தம்பி சொன்னதைத்தான் செய்தார், அண்ணன் கேட்டதிலும் தப்பில்லை. புதுச்சேரிக் குழு தயாரிக்கும் பயனர் கையேட்டிலும் இந்தக் குழப்பத்தை நாம் தமிழில் அச்சடித்துக் கொடுத்துவிடக் கூடாது.

இப்போது 'தூய'. அது பெயரிலேயே தீர்ப்பும் சொல்லிவிடுகிறது, மற்றதெல்லாம் கலப்படம் என்று. ஆண்ட்ராய்டு 2.3 காலத்தை நினைத்துப் பாருங்கள். கூகுள் தந்ததில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அப்போது தமிழ் எழுத்துருவைத் தாங்களாகவே சேர்த்துக் கொடுத்தவர்கள் சில போன் தயாரிப்பாளர்கள்தான். அந்த வேலையைக் கலப்படம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 'அசல்' என்றாலும் இதே சிக்கல், எதிர்ப்பக்கம் 'போலி' வந்து உட்கார்ந்துகொள்ளும். 'இயல்பு' ஏற்கெனவே டீஃபால்ட்டுக்கு, அதாவது நாம் எதையும் மாற்றாதபோது இருக்கும் அமைப்புக்கு, போய்விட்டது.

கூகுளே விற்கும் பிக்சல் போனைத் தூய ஆண்ட்ராய்டுக்கு எடுத்துக்காட்டாகப் போட்டிருந்தீர்கள். அதுவும் சரியில்லை. 2016-ல் பிக்சல் வந்ததிலிருந்து கூகுள் அதில் தனக்கென்று செய்துகொண்ட வசதிகள் நிறைய. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை இயந்திரமே எடுத்து விசாரிக்கிறதே, அந்த நிரல், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கூகுள் திறந்து வெளியிடும் ஆண்ட்ராய்டு திறமூலத் தொகுப்பில் கிடையாது. பிளே ஸ்டோரும் அதில் கிடையாது. ஆக பிக்சலில் இருப்பதும் ஒரு தயாரிப்பாளர் பதிப்புதான், தயாரிப்பாளர் கூகுளாக இருக்கிறார், அவ்வளவே.

அதனால் திறமூலத் தொகுப்பாக வெளியாவதை 'மூல ஆண்ட்ராய்டு' என்போம். 'மூலமும் உரையும்' என்று அட்டையில் போட்ட புத்தகங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம், மூலநிரல் என்ற சொல்லோடும் ஒட்டிப்போகிறது. அதிகம் மாற்றாமல் தருவதற்கு 'மூலத்தை ஒட்டிய பதிப்பு'. 2014 செப்டம்பரில் மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் மூன்றும் இந்தியாவில் கூகுளின் 'ஆண்ட்ராய்டு ஒன்' திட்டப் போன்களை இறக்கினார்களே, அவை இந்த வகை. 2017-ல் வந்த ஷாவ்மி எம்ஐ ஏ1-ம் அப்படித்தான்.

அடுத்து 'ஸ்கின்', அதாவது கம்பெனிகள் ஆண்ட்ராய்டை மாற்றித் தங்கள் பெயரில் தரும் வடிவம். தோல், மேலுறை, போர்வை என்று மூன்று பேர் மூன்று சொல் தந்திருக்கிறீர்கள். மூன்றுமே மேலோட்டமான மாற்றம் என்ற எண்ணத்தைத் தருகின்றன, உண்மையில் நடப்பது அதுவல்ல. ஐகானும் நிறமும் மட்டும் மாறினால் தோல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஷாவ்மி முன்பு தந்த மியுஐ, சாம்சங்கின் ஒன் யுஐ, ஒப்போவின் கலர் ஓஎஸ் எல்லாம் உள்ளே இறங்கி வேலை செய்கின்றன. பின்னணியில் எந்தச் செயலி உயிரோடு இருக்கலாம், போனை அணைத்துப் போட்டதும் எது தானாகத் தொடங்கலாம் என்பதற்குக்கூடச் சில கம்பெனிகள் தனி விதி வைத்திருக்கின்றன. பேட்டரி மிச்சம் என்று சொல்லி வானிலை எச்சரிக்கைச் செயலியைத் தூங்கவைத்துவிட்டால் அறிவிப்பு தாமதமாக வரும், சமயத்தில் வராமலே போகும். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கரை கடந்த கடற்கரை இது, இங்கே அது சின்ன விஷயமில்லை. அந்த அமைப்பை எங்கே போய் மாற்றுவது என்பது கையேட்டில் கட்டாயம் வர வேண்டும், அதை 'தோல்' என்ற தலைப்பின்கீழ் யாரும் தேட மாட்டார்கள்.

ஆகவே 'தயாரிப்பாளர் பதிப்பு'. 'நிறுவனப் பதிப்பு' சுருக்கமாக இருக்கிறது, ஆனால் அலுவலகங்களுக்கென்று விற்கும் பதிப்போடு குழம்பும். கடைக்காரர்கள் சொல்லும் ஸ்டாக் ரோமுக்கு 'உடன்வந்த பதிப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடைத் தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன், "போனோட வந்ததுதானே சார், சரி" என்று உடனே பிடித்துக்கொண்டார்.

புளோட்வேருக்கு, அதாவது நாம் கேட்காமலே போனில் வந்து இடத்தை அடைக்கும் செயலிகளுக்கு, ஒருவர் 'இடைச்செருகல்' என்று எழுதியிருந்தார். அழகான சொல், ஏட்டுச்சுவடிப் பதிப்பில் அதற்குள்ள பொருளும் (பிறர் நடுவில் நுழைத்த பகுதி) இங்கே பொருந்துகிறது, ஆனால் ஒரு மென்பொருளோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் பிளகினுக்குச் 'செருகுநிரல்' இருக்கிறது, படிக்கிறவர் தடுமாறுவார். போனிலேயே வரும் எதையும் 'முன்நிறுவிய செயலி' என்றும், அதில் நீக்கவே விடாதவற்றை மட்டும் 'திணிப்புச் செயலி' என்றும் பிரிக்கலாம் என்பது என் கருத்து. கால்குலேட்டரையும் கடன் செயலியையும் ஒரே சொல்லில் அடக்குவது நியாயமில்லை. 'திணிப்பு' கையேட்டுக்குக் கொஞ்சம் காட்டமான சொல் என்று நினைப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள், மூன்றாம் அத்தியாயம் இதற்காகத்தான் காத்திருக்கிறது.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து