புதிதாகக் கட்டிய ரோட்டரி இன்ஜின், பழைய கார்புரேட்டர்: உதவி தேவை

வணக்கம் அண்ணன்மார்களே. சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். அப்பா விட்டுப்போன 1984 மஸ்டா ஆர்எக்ஸ்-7, 12ஏ ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் உள்ளது). மூன்று மாதத்துக்கு முன்பு பிரித்து, ரோட்டர் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் எல்லாம் புதிதாகப் போட்டு, ஸ்ட்ரீட் போர்ட்டும் (காற்று போகும் துவாரங்களைப் பெரிதாக்குவது) செய்தோம், ஆனால் கார்புரேட்டர் மட்டும் காரோடு வந்த அதே நிக்கி கம்பெனி கார்புரேட்டர்தான். இதுவரை 600 கிலோமீட்டர். 4000 ஆர்பிஎம் தாண்ட விடவில்லை, பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்துதான் ஊற்றுகிறேன்.

சூடானதும் ஐட்லிங் ஏறி இறங்குகிறது. தோட்டத்துச் சாலையில் 2500-இல் சீராகப் போனால் விக்கி விக்கி இழுக்கிறது, காலை எடுத்தால் எக்சாஸ்ட்டில் படபடவென வெடிக்கிறது. நான்கு பிளக்கும் வெள்ளையாக இருக்கின்றன, அதனால் பெட்ரோல் போதவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஃபில்டர் மாற்றியாயிற்று. ஃப்ளோட் மட்டம் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் அளவு) கண்ணாடியில் நடுவில் நிற்கிறது, கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டைச் சுற்றி ஸ்ப்ரே அடித்துப் பார்த்ததில் காற்றுக் கசிவும் இல்லை. அப்புறம் ஐட்லிங்கில் பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் ஐடில் மிக்ஸ்ச்சர் ஸ்க்ரூவைத் திறந்து பார்த்தேன், ஐட்லிங் கொஞ்சம் அடங்கியது, 2500-இல் மட்டும் அதே விக்கல். ஈப்போவில் இரண்டு பட்டறைக்குக் கொண்டு போனேன், ரோட்டரி என்றதும் கையை விரித்துவிட்டார்கள். சீல் இன்னும் சரியாகப் பதியவில்லை, அதற்குள் சூடேறிக் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பிரைமரி மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) இப்போதே ஓர் அளவு பெரிதாக்கலாமா, இல்லை 1000 கிலோமீட்டர் முடியும்வரை இதே ஜெட்டோடு ஓட்டலாமா?